ஜீவனாம்சம் யாருக்கு?

முகூர்த்த நாளில் குன்றத்தூர் முருகன் மலைக்குப் போனால் எங்கும் மாலையும் கழுத்துமாய் ஜோடிகள். அந்த நேரத்தில் ஜீவனாம்சப் பேச்சா என்று கோபிக்காதீர்கள். தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

ஜீவனாம்சம் மனைவிக்கு மட்டும்தான் என்றே பலர் நினைக்கிறோம். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 25-வது பிரிவில், கணவனும் கேட்கலாம் என்கிறது. விபத்தில் முதுகெலும்பு ஒடிந்து படுத்த படுக்கையானவருக்கு, சம்பாதிக்கும் மனைவி தர வேண்டிவரலாம்.

எவ்வளவு? 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதற்கு நெறிமுறை வகுத்தது. இருவருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். கடுமையான ஊனமோ நோயோ இருந்தால், தொடர்ந்து ஆகும் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிசியோதெரபி ரசீது, மருந்துக்கடை பில், கூட இருந்து பார்த்துக்கொள்ளும் ஆயாவின் சம்பளம்... வாய்வார்த்தை எடுபடாது, தாளில் இருக்க வேண்டும். மனு போட்ட தேதியிலிருந்தே தொகை சேரும். அதனால் தள்ளிப்போடுவது நஷ்டம்.

சரி, தர வேண்டியவரே மாற்றுத்திறனாளி என்றால்? 75 சதவீத ஊனத்தோடு ஊன்றுகோலில் நடக்கும் கணவரை ஜீவனாம்சம் தரச் சொல்லி வற்புறுத்த முடியாது என்று 2024-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது. நியாயம்தானே!

வக்கீலுக்குக் காசில்லையே என்று தயங்குகிறீர்களா? பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. குன்றத்தூர்க்காரர்கள் காஞ்சிபுரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். போனில் கேட்க 15100.