நாலாவது நாற்காலி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்தவனைச் சங்கீதம் பற்றிப் பேசச் சொன்னது யார் என்று நீங்கள் கேட்கலாம். யாரும் சொல்லவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். சாப்பாடு தயார் என்று தெரியும். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில், ஏறக்குறைய 8,000 அடி உயரத்தில் ஆஸ்பென் என்று ஒரு மலையூர். 1949-இல் தொடங்கிய கோடை இசை விழாவுக்குப் பேர் போனது. வேலை நிமித்தம் அந்தப் பக்கம் இருந்தபோது, ஒரு கோடையில் அங்கே டாக்காச் குவார்ட்டெட் வாசிக்கக் கேட்டேன். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. நடத்துனர் கிடையாது, தாளம் போடவும் ஆள் இல்லை. ஒருவர் மூச்சு இழுப்பதைப் பார்த்து மற்றவர்கள் வில்லை எடுக்கிறார்கள். மெட்டு யார் கைக்குப் போகிறதோ, அவருக்கு மற்ற மூவரும் சத்தத்தைக் குறைத்து வழிவிடுகிறார்கள்.

1975-இல் புடாபெஸ்ட் நகரில் லிஸ்ட் இசைக் கல்லூரி மாணவர்கள் நாலு பேர் ஆரம்பித்த குழு இது. நம்ம ப்ராஜெக்ட் பேட்ச் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிறகு, குழுவுக்குப் பெயர் தந்த காபோர் டாக்காச்-நாகியே விலகிவிட்டார். 1993-இல் அந்த இடத்துக்கு எட்வர்ட் டஸின்பெர் என்ற இங்கிலாந்து இளைஞர் வந்தார். 1995-இல் வயோலா வாசித்த காபோர் ஓர்மாய் புற்றுநோயில் இறந்தார். ராஜர் டாப்பிங் வந்து உட்கார்ந்தார். 2018-இல் இரண்டாம் வயலினும் கைமாறியது. நான் கேட்ட அன்று, முதல் நால்வரில் மேடையில் இருந்தவர் செல்லோ வாசித்த ஆண்ட்ராஷ் ஃபெயேர் ஒருவர்தான்.

லண்டனில் 1947-இல் தொடங்கிய ஆமடேயஸ் குவார்ட்டெட் வேறு வழியில் போனது. நாற்பது வருஷம் அதே நால்வர். 1987-இல் வயோலா வாசித்த பீட்டர் ஷிட்லாஃப் இறந்ததும் குழுவைக் கலைத்துவிட்டார்கள். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு என்ன தகுதி?

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் ப்ராஜெக்ட் பேட்ச்சிலும் நாலு பேர். 2019-இல் ஒருவன் விபத்தில் போய்விட்டான். எங்களைச் சேர்த்து வைத்திருந்ததே அவன்தான். காரியம் முடிந்து பஸ் ஸ்டாண்டில் பிரிந்த மூவரும் அதற்கப்புறம் பேசிக்கொள்ளவில்லை. சண்டை ஒன்றுமில்லை. பேசினால் அவன் இல்லாதது தெரியும், அவ்வளவுதான். ஆமடேயஸ்காரர்கள் நாற்பது வருஷம் வாசித்துவிட்டு நிறுத்தினார்கள். நாங்கள் பயந்து நிறுத்தினோம்.

அன்று நான் ஃபெயேரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிற்பாடு வந்து சேர்ந்தவர்கள் வாசிக்கும்போது தலையைத் திருப்பிக் கேட்டு, அதற்கேற்ப வில்லை அழுத்தினார். பழைய ஆள் மாதிரி வாசி என்ற குறிப்பு அவர் முகத்தில் துளியும் இல்லை. ராத்திரி அறைக்கு வந்ததும் நண்பர்கள் இருவருக்கும் போன் போட்டேன். முதல் அஞ்சு நிமிஷம் மூணு பேருக்கும் பேச்சே வரவில்லை.

அவர்கள் இருவரும் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். தம்பி தங்கைகளே, இந்த வருஷத்திலிருந்து ஒரு இறுதியாண்டு பேட்ச்சுக்கு நாங்கள் மூவரும் துணையாக இருக்க ஆசைப்படுகிறோம். எங்கள் நண்பன் செய்த மாதிரி செய் என்று யாரையும் சொல்ல மாட்டோம். சாப்பிட்டுவிட்டு ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்போம். ட்ராயிங் இருந்தால் எடுத்து வாருங்கள். இல்லாவிட்டாலும் வாருங்கள்.