ஜன்னல் இல்லாத தேவாலயம்



தேவாலயம் கட்டின இன்ஜினீயர் என்று என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். கட்டியது ஒன்றே ஒன்று, உத்திரமேரூர் பக்கத்துச் சிற்றூரில். அதையும் சரியாகக் கட்டவில்லை. கூலி வேலைக்குப் போகிறவர்கள் வாராவாரம் போட்ட காணிக்கைப் பணம். நானோ பழக்க தோஷத்தில் கான்கிரீட் தூண், உத்தரம், தளம் என்று வரைந்து கொடுத்தேன். கம்பியும் சிமெண்டும் பணத்தைத் தின்றன. ஜன்னல்களைக் குறைத்தோம். சித்திரை மாதப் பூசையில் ஒரு பாட்டி முந்தானையால் விசிறிக்கொண்டே, "பழைய ஓட்டுக் கோயில்ல காத்தாவது வந்துச்சு தம்பி" என்றார்.

அதற்குப் பிறகுதான் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் லயோலா சிற்றாலயத்தைப் போய்ப் பார்த்தேன். 1970-71இல் லாரி பேக்கர் கட்டியது. அவ்வளவு உயரச் சுவர் கான்கிரீட் சட்டகம் இல்லாமல் நிற்குமா என்று அங்கேயும் சந்தேகப்பட்டார்களாம். பேக்கர் நடுவில் இடைவெளி விட்டு இரண்டு செங்கல் சுவர் எழுப்பி, குறுக்குச் செங்கல்களால் இரண்டையும் பிணைத்துவிட்டார். ஒல்லிச் சுவர் தனியாக நின்றால் காற்றுக்கு வளையும். இரண்டைத் தள்ளி நிறுத்திக் கட்டிப்போட்டால் விறைப்பு பல மடங்கு. ஐ-பீம் கணக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா, அதேதான்! சுவர் முழுக்கச் சல்லடை போலத் துளைகள். ஜன்னலே கிடையாது, வெளிச்சம், காற்று இரண்டுக்கும் குறைவில்லை.

கான்கிரீட்டைக் குறை சொல்லவில்லை. மும்பை தாதரில் 1970களில் சார்லஸ் கொரியா கட்டிய பங்குக் கோயில் கான்கிரீட்தான். சூடான காற்று மேலே ஏறி வெளியேறும்படி கூரையை உயர்த்தியிருக்கிறார். யோசிக்காதது நான்.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டை (919, 921) குடவோலைத் தேர்தலுக்காகப் படிக்கிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி நிற்க முடியாது என்றும் அதில் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தக் கோயிலைத் தாண்டித்தான் நான் அந்த ஊருக்குப் போக வேண்டும்!

போனேன். பூசை முடிந்ததும் எழுந்து நின்று, "என் தப்பு" என்றேன். வாங்கின கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நல்லவேளை, பாரம் தூண்களில் இறங்குகிறது. இடைச்சுவரை எடுத்தாலும் கட்டடத்துக்கு ஆபத்தில்லை. தெற்குச் சுவரைப் பிரித்துத் துளைச்சுவராகக் கட்டிவிட்டோம். காற்று உள்ளே வந்தால் போதாது, வெளியே போகவும் வழி வேண்டும். வடக்குச் சுவர் பாக்கி.

செங்கல் எடுத்துக் கொடுக்க ஆள் தேவை. சிவில் மாணவர்கள் ஞாயிறு பத்து மணிக்கு வரலாம். சாப்பாடு ஊர்க்காரர்கள் போடுகிறார்கள்.