மீட்டர் சொன்ன கணக்கு



இந்த வாரம் ஒரு பழைய காரைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறோம். மறையுரையில் காருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். வாங்குவதும் விற்பதும் நம் எல்லார் வீட்டிலும் நடக்கிற காரியம்தானே.

எங்கள் அக்கா மகனுக்குச் சிறு வயதிலிருந்தே வேகமான கார் மேல் ஆசை. கோயம்புத்தூரில் வளர்கிற பிள்ளைகளுக்கு அது வரத்தான் செய்யும். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்க்காரர். புதிய கார் வாங்க வசதியில்லாததால், 2006ஆம் ஆண்டு வாக்கில் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 150 குதிரைத்திறன். நம் தெருக்களில் அதிகம் ஓடிய மாருதி 800க்கு 37தான் என்றால் அவன் ஆசை உங்களுக்குப் புரியும்.

அவனும் நாங்களும் தெரிந்த மெக்கானிக் ஒருவரும் சேர்ந்து முதல் காரைப் பார்க்கப் போனோம். பளபளவென்று நின்றது. மீட்டரில் 62,000 கிலோமீட்டர். பையன் முகம் மலர்ந்துவிட்டது. மெக்கானிக் மட்டும் முதலில் பானட்டின் மேல் கையை வைத்தார். சூடாக இருந்தது. "காலையிலேயே ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா? ஆறின வண்டியைப் பார்க்கணும்னு சொல்லியிருந்தோமே" என்றார். ஆறிக் கிடக்கும் எஞ்சினை நம் கண் முன்னால் கிளப்பினால்தான் புகையின் நிறமும் உள்ளே கேட்கும் சத்தமும் தெரியும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள்.

பிறகு எங்களைக் கூப்பிட்டு, "மீட்டரை விடுங்க சாமி, பெடலைப் பாருங்க" என்றார். பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து வழவழவென்றிருந்தது. ஸ்டீயரிங் தோல் மினுமினுத்தது. ஓட்டுநர் சீட்டின் ஓரம் கிழிந்து தைக்கப்பட்டிருந்தது. கதவைத் திறந்து உட்புறத் தூணைப் பார்த்தால், எப்போதோ ஆயில் மாற்றியபோது ஒட்டிய சிறு ஸ்டிக்கர். அதில் பேனாவால் எழுதியிருந்த எண் 1,14,000. ஒரு லட்சத்துப் பதினாலாயிரத்தில் ஆயில் மாற்றிய கார், இன்று அறுபத்திரண்டாயிரத்தில் நிற்கிறது! விற்பவரிடம் கேட்டோம். "பழைய ஓனர் தப்பா எழுதியிருப்பார்" என்றார்.

கணினியைப் பொருத்திச் சில நிமிடங்களில் மீட்டரைக் குறைத்துவிடுகிறார்களாம். விலையில் ஏமாற்றுவதோடு இது நின்றுவிடுவதில்லை. இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் என்று ஒன்று உண்டு. இத்தனை கிலோமீட்டருக்குள், இத்தனை ஆண்டுக்குள் அதை மாற்ற வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் அங்கேயே முடிந்துபோகும். அறுபதாயிரம்தானே என்று நம்பி வாங்குகிறவன், இன்னும் நாள் இருக்கிறது என்று பெல்ட்டைத் தொடமாட்டான். அவன் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருப்பான்.

இரண்டாவது கார் 1,87,000 ஓடியிருந்தது. வெளியே இரண்டு கீறல். ஆனால் சொந்தக்காரர் ஒரு தடித்த கோப்பை எடுத்து வந்தார். ஆயில் மாற்றிய ரசீது, பெல்ட் மாற்றிய ரசீது எல்லாம் தேதி வாரியாக இருந்தன. நாங்கள் கேட்குமுன்பே, "டர்போ ஒரு தடவை போய் மாத்தியிருக்கேன். ஆயில் கொஞ்சம் குடிக்கும், வாரம் ஒருக்கா பார்த்து ஊத்தணும்" என்றார். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேலே சுற்றக்கூடியது, அதைத் தாங்குவது அந்த ஆயில்தான் என்று மெக்கானிக் பையனுக்கு விளக்கினார்.

அந்த நல்ல மனிதரிடமும் நாங்கள் பேரம் பேசாமல் விடவில்லை. கீறலைக் காட்டி முகம் சுளித்தோம். டயர் பழசு என்றோம். வெளியே வந்ததும் "நல்ல வண்டி மாமா, விட்டுடக் கூடாது" என்று சிரித்துக்கொண்டோம். பொருளை மட்டம் தட்டிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெருமையடித்துக்கொள்கிறவனைப் பற்றி நீதிமொழிகள் 20ஆம் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறது. அது நினைவுக்கு வந்தபோது சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

கதை இதோடு முடியவில்லை. அந்தக் காரை வாங்க வேண்டுமானால் வீட்டில் நிற்கும் பழைய சின்னக் காரை விற்றாக வேண்டும். அறுபதாயிரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தோம். அதில் ஒரு குறை உண்டு. பத்து நாளுக்கு ஒரு தடவை ரேடியேட்டரில் தண்ணீர் குறையும். டவுனுக்குள் ஓடினால் ஒன்றும் தெரியாது. மேடு ஏறினால் சூடாகும். கேஸ்கெட் போயிருக்கலாம் என்று அதே மெக்கானிக் முன்பே சொல்லியிருந்தார்.

பார்க்க வந்தவர் கோத்தகிரிக்காரர். வயதான தாயாரை மாதாமாதம் கோவை மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டுமாம். அதாவது மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏற வேண்டும். அவர் வருமுன்பே, காலையில், ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பி வைத்துவிட்டோம். சூடாயிருந்த அந்த பானட் எங்களுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

பையன் எங்களை ஓரமாக அழைத்துப்போய், "மாமா, தண்ணி விசயம் சொல்லோணுமா? அவரும் மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து பார்க்கட்டுமே" என்றான். உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு கல்லுக்கு இடையில் அடித்த முளை போல விற்பதற்கும் வாங்குவதற்கும் நடுவில் பாவம் செருகிக்கொள்ளும் என்று சீராக் 27ஆம் அதிகாரத்தில் படித்துப் பிறருக்கு விளக்கியிருக்கிறோம். அன்று அந்த முளை எங்கள் வீட்டு வாசலில் இருந்தது. பணமும் தேவைதான்.

கடைசியில் பானட்டைத் திறந்து சொல்லிவிட்டோம். அவர் சற்று நேரம் எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்களே" என்றார். காரை வாங்கவில்லை. அக்கா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். பையன் அன்று முழுவதும் எங்களோடு பேசவில்லை.

மறுநாள் அவனே காரைக் கொண்டுபோய் கேஸ்கெட் வேலைக்கு விட்டுவிட்டு வந்தான். செலவு பன்னிரண்டாயிரம் ஆகுமாம். ஆக்டேவியாக்காரர் மாதக் கடைசி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.