சாலைக்கு விலை

சாலை யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், எல்லார்க்கும் சொந்தம் என்று உடனே விடை கூறுவோம். அச்சாலையின் பள்ளங்களை நிரப்பப் பணம் தருகிறவர் யார் என்று கேட்டால், அவ்வளவு விரைவில் விடை வருவதில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இவ்விரண்டாம் கேள்வியைச் சார்ந்தது. சாலையில் செல்வதற்கென்று தனிக் கட்டணம் கேட்டால் வண்டி ஓட்டுவோர் என்ன எண்ணுகிறார்கள்? அவர்கள் எண்ணுவதில் நியாயம் எவ்வளவு? பிரிட்டனும் ஸ்வீடனும் இத்துறையில் பட்ட அனுபவம் பெரிது. ஆதலின் அவ்விரு நாடுகளின் வரலாற்றைத் துணையாகக் கொண்டு பேசுகிறேன்.

வழியில் மறித்துப் பணம் கேட்பதை எக்காலத்து மக்களும் விரும்பியதில்லை. முதற் குலோத்துங்கன் வென்ற போர்கள் பல. ஆயினும் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயரே அவனுக்கு நிலைத்தது. வாள் தந்த புகழினும் வரிநீக்கம் தந்த புகழ் நீண்டு நிற்கிறது!

பிரிட்டனில் சாலைக்குக் குறுக்கே கதவு அமைத்துச் சுங்கம் வாங்கச் சட்டம் முதன்முதலில் இடம் தந்தது 1663-ஆம் ஆண்டில். பதினெட்டாம் நூற்றாண்டில் 'டர்ன்பைக் டிரஸ்டு' எனப்படும் சாலைக் குழுக்கள் நூற்றுக்கணக்கில் தோன்றின. வண்டிக்காரர் தரும் காசைக் கொண்டு அவை சாலைகளைச் செப்பனிட்டன. சாலைகள் பலவும் நன்றாயின என்பதில் ஐயமில்லை. ஆனால் வேல்ஸ் நாட்டின் மேற்குப் பகுதியில் நிகழ்ந்தது வேறு. அங்கே பல நிலங்கள் புளிப்பேறிய மண் உடையவை. சுண்ணாம்பு இட்டால்தான் நன்கு விளையும். ஏழை உழவர்கள் சூளையிலிருந்து சுண்ணாம்பை வண்டியில் ஏற்றி வரும்போது, வழியில் கதவுக்குக் கதவு சுங்கம் செலுத்த வேண்டியிருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். 1839-ஆம் ஆண்டில் ஓர் இரவு, பெண்ணுடை அணிந்து, முகத்தில் கரி பூசிக்கொண்டு வந்து, ஒரு சுங்கக் கதவைத் தகர்த்து எறிந்தார்கள். தங்கள் தலைவனை 'ரெபெக்கா' என்று அழைத்தார்கள். 1843 வரை இக்கலகம் விட்டு விட்டு எரிந்தது. ஒரு சாவடியைக் காத்து வந்த முதியவள் ஒருத்தி அவ்வாண்டில் சுடப்பட்டு உயிரிழந்தாள். பின்னர் அரசு விசாரணைக் குழு அமைத்தது, 1844-இல் சட்டம் வந்தது, சாவடிகள் ஒழுங்குபடுத்தப்பட்டன, சுண்ணாம்பு வண்டிக்குரிய சுங்கமும் குறைந்தது.

அவ்வுழவர்கள் சாலையே வேண்டா என்றவர் அல்லர். வேறு வழியில்லாதவனை ஒரே பயணத்தில் பல முறை மறிப்பதையே அவர்கள் எதிர்த்தார்கள். இந்த நுட்பத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதற்கு வருவோம்.

மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போய் மோட்டார் வண்டி வந்தது. 1909-இல் பிரிட்டனின் நிதியமைச்சராய் இருந்த லாயிட் ஜார்ஜ் பெட்ரோலுக்கு வரி விதித்தார். அப்பணம் சாலைகளுக்கே செலவாகும் என்று உறுதி கூறினார். 1920-இல் 'சாலை நிதி' என்று தனி நிதியே ஏற்பட்டது. ஆனால் 1926-இல் நிதியமைச்சராய் இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அந்நிதியில் ஒரு பகுதியைப் பொதுச் செலவுக்கு எடுத்துக்கொண்டார். வண்டி வரி சாலைக்கே உரியது என்ற அந்த ஏற்பாடு 1937-இல் முடிவுற்றது. பேச்சு வழக்கில் அந்நாட்டு மக்கள் இன்றும் அவ்வரியைச் 'சாலை வரி' என்றே சொல்கிறார்கள். அரசு மறந்த வாக்குறுதியை அந்தப் பெயர் மறக்கவில்லை. புதுக் கட்டணம் எதைச் சொன்னாலும் அந்நாட்டு மோட்டார்க்காரர், "முன்பு கொடுத்தது எங்கே?" என்று முதலில் கேட்பதன் காரணம் இதுவே.

அப்படியிருக்கப் புதுக் கட்டணம் எதற்கு? பெருநகரங்களின் நெரிசலே காரணம். மாலை மணி அடித்ததும் பள்ளி வாயிலில் என்ன நிகழ்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். ஐந்நூறு மாணவர் ஒரே நொடியில் வெளியேற முயல்கிறார்கள். ஐந்நூற்றொன்றாவதாக வருகிறவன் தானும் தாமதப்படுகிறான். தனக்குப் பின்னால் நிற்பவரையும் தாமதப்படுத்துகிறான். தன் தாமதம் அவனுக்குத் தெரிகிறது. பிறருக்குத் தான் விளைத்த தாமதம் தெரிவதில்லை. நெரிசல் வேளையில் சாலைக்குள் நுழையும் ஒவ்வொரு காரும் இப்படிப்பட்டதே. அந்தத் தாமதத்திற்கு ஒரு விலை வைத்தால், அவசரமில்லாதவர் வேறு நேரத்தில் வருவர். சிலர் பேருந்தில் ஏறுவர் என்பது பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி பல்லாண்டுகள் எடுத்துரைத்த கருத்து. 1996-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இக்கருத்தை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நகரம் சிங்கப்பூர். 1975-இலேயே நகரின் நடுப்பகுதிக்குள் காலை வேளையில் நுழையும் கார்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்று அங்கே விதித்தார்கள்.

இனி மோட்டார்க்காரர் சொல்லும் மறுப்புகளைக் கேட்போம். முதலாவது: "பெட்ரோலுக்கு வரி கொடுக்கிறேன், வண்டிக்கு வரி கொடுக்கிறேன், மூன்றாவதாக ஒன்றா?" இரண்டாவது: "எங்கள் ஊருக்கு நேரத்துக்குப் பேருந்து இல்லை, கார் எனக்கு ஆடம்பரம் அன்று." மூன்றாவது: "பணமுள்ளவன் கொடுத்துவிட்டுப் போவான், எளியவன் ஒதுங்க வேண்டுமா?" நான்காவது: "நான் எங்கே எப்போது சென்றேன் என்பதை அரசு ஏன் அறிய வேண்டும்?" நால்வகை மறுப்பும் எள்ளி ஒதுக்கத் தக்கவை அல்ல. 2007-இல் பிரிட்டன் முழுதும் சாலைக் கட்டணம் வரக்கூடும் என்ற பேச்சு எழுந்தபோது, அதை எதிர்த்துப் பிரதமர்க்கு அளித்த விண்ணப்பத்தில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் ஒப்பமிட்டனர். அதற்கு முன் 2005-இல் எடின்பரோ நகர மக்களைக் கேட்டபோது, வாக்களித்தவரில் நூற்றுக்கு 74 பேர் வேண்டா என்றனர். 2008-இல் மான்செஸ்டர் வட்டாரத்தில் நூற்றுக்கு 79 பேர் வேண்டா என்றனர். கட்டணத்தை ஏற்றால் பொதுப் போக்குவரத்துக்குப் பெருந்தொகை செலவிடுவோம் என்று சொல்லியும் மான்செஸ்டர் மக்கள் இணங்கவில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஸ்வீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் நடந்தது. அங்கும் தொடக்கத்தில் பெரும்பான்மையோர் எதிர்ப்பாளரே. ஆனால் அந்நகரத்தார் முதலில் வாக்குக் கேட்கவில்லை, வெள்ளோட்டம் விட்டார்கள். கட்டணம் தொடங்கும் முன்பே, 2005-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஏறத்தாழ 200 புதிய பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை, நகருக்குள் வரும்போதும் வெளியேறும்போதும், வேளைக்கு ஏற்ப 10, 15, 20 குரோனர் என்று கட்டணம் வாங்கினார்கள். நாளொன்றுக்கு 60 குரோனருக்கு மேல் இல்லை. இரவிலும் வார இறுதியிலும் கட்டணமே இல்லை. நகர எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. மக்கள் தம் கண்ணாலேயே அதைக் கண்டார்கள். வெள்ளோட்டம் முடிந்ததும் வண்டிகள் திரும்பவும் பெருகின, அதையும் கண்டார்கள். செப்டம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. நகர மக்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் வேண்டும் என்றனர். 2007 ஆகஸ்டு முதல் கட்டணம் நிலைபெற்றது. பின்னர் ஆதரவு மேலும் வளர்ந்தது.

இவ்வரலாற்றிலும் ஒரு முள் உண்டு. ஸ்டாக்ஹோமைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் சில, தாமே தனி வாக்கெடுப்பு நடத்தின. அங்கே பெரும்பான்மையோர் எதிர்த்தார்கள். நாள்தோறும் எல்லையைக் கடந்து வேலைக்கு வருவோர் அவர்கள். நன்மையின் பெரும்பகுதி நகருக்கு, செலவு தமக்கு என்று அவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. அதே நாட்டின் கோத்தன்பர்க் நகரில் 2013-இல் கட்டணம் வந்தது. அடுத்த ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 57 பேர் வேண்டா என்றனர். ஆயினும் அப்பணத்தை நம்பிப் பெரும் பணிகள் தொடங்கப்பட்டுவிட்டமையால் கட்டணம் நீங்கவில்லை. ஆதலின், பழகினால் எல்லாரும் ஏற்றுக்கொள்வர் என்று எளிதாக முடிவு கட்டிவிடக் கூடாது.

லண்டனிலும் 2003 பிப்ரவரி 17 அன்று நகர நடுப்பகுதிக்கு நாளொன்றுக்கு 5 பவுன் கட்டணம் வந்தது. உள்ளே வரும் கார்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. வரும் நிகர வருவாயைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டம் விதித்தது. அந்தப் பணம் பேருந்துகளுக்குப் பெரிதும் உதவிற்று. சில ஆண்டுகளில் நெரிசல் மீண்டும் தலைதூக்கியது. கட்டணமும் படிப்படியாய் உயர்ந்து 2020-இல் 15 பவுன் ஆயிற்று. "ஒருமுறை வந்த கட்டணம் ஏறுமேயன்றி இறங்காது" என்று மோட்டார்க்காரர் கூறுவதற்கு இது ஒரு சான்றாகிவிட்டது.

நான் கார் வைத்திருந்தவன் அல்லன். மிதிவண்டியிலும் பேருந்திலுமே பணிக்காலம் முழுதும் சென்றவன். ஆயினும் கட்டணம் கேட்பவனாய் இருந்திருக்கிறேன். நான் தலைமையாசிரியராய் இருந்த பள்ளியில் விளையாட்டுக் கட்டணம் வாங்கும்போது பெற்றோர் சிலர் முகம் சுளிப்பர். ஆண்டுதோறும் வரவு எவ்வளவு, பந்துக்கும் வலைக்கும் போன தொகை எவ்வளவு என்று எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்தேன். கட்டணத்தின் அளவு குறையவில்லை, முகச்சுளிப்புக் குறைந்தது. கட்ட இயலாத பிள்ளைகளுக்கு விலக்களித்தோம். அதைக் குறை கூறியவர் ஒருவரும் இல்லை.

சாலைக் கட்டணத்தின் நியாயத்தையும் இவ்வாறே மூன்று கேள்விகளால் அளக்கலாம் என்பது என் கருத்து. கொடுத்த காசு எங்கே போயிற்று என்று கணக்குக் காட்டப்படுகிறதா? கட்டணம் வாங்கும் முன் மாற்று வழி திறக்கப்பட்டதா? வேறு வழியில்லாதவன்மீது சுமை ஏறாமல் காக்கப்படுகிறதா? முதற் கேள்விக்கு விடை இல்லாமற் போனது சாலை நிதியின் கதை. இரண்டாவதற்கு நல்ல விடை தந்தது ஸ்டாக்ஹோம். மூன்றாவதைக் கேட்டவர்கள் வேல்ஸ் நாட்டுச் சுண்ணாம்பு வண்டிக்காரர்கள். அவர்கள் கேள்வி இன்றும் தீரவில்லை.

மாணவர்களே, இது வருங்காலத்தில் உங்கள் முன் நிற்கப்போகும் கேள்வி. மின்சாரக் கார் பெட்ரோல் குடிப்பதில்லை. ஆகவே பெட்ரோல் வரியும் தருவதில்லை. சாலையோ இரண்டுக்கும் ஒன்றாகவே தேய்கிறது. 2025 நவம்பரில் பிரிட்டன் அரசு, 2028 முதல் மின்சாரக் கார்களுக்கு மைலுக்கு 3 பென்சு வரி விதிக்கப்போவதாக அறிவித்தது. பிற நாடுகளும் இத்தகைய வழியை நாடக்கூடும். அந்நாளில் உங்களுள் சிலர் கார் ஓட்டுவீர்கள்; சிலர் பேருந்துக்குக் காத்து நிற்பீர்கள்; ஒரு சிலர் கட்டணத்தை விதிக்கும் அலுவலராகவும் அமர்ந்திருப்பீர்கள். எவ்விடத்தில் இருந்தாலும் மற்ற இரண்டு இடங்களிலும் இருப்பவர் சொல்வதைக் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள். விதிக்கும் இடத்தில் இருப்பவர் கணக்கை மறவாமல் பலகையில் ஒட்டுங்கள்.