பழைய கல் சுவரை அடைத்துவிடாதீர்கள்

(மீள்குடியேறும் குடும்பங்களுடனான சந்திப்பில் ஆற்றிய உரை)



வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டுவந்த வீட்டை உங்களில் பலர் இப்போதுதான் திரும்பப் பார்க்கிறீர்கள். கூரை இல்லை, கதவு நிலை இல்லை. ஆனால் சுண்ணாம்புக்கல்லால் கட்டிய சுவர் பல வளவுகளில் இன்னும் நிற்கிறது. அதைப் பற்றித்தான் கதைக்க வந்தேன். அதற்கு முன் ஒன்று: கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்காத வளவுக்குள் தயவுசெய்து கால் வைக்க வேண்டாம்.

நான் மேசன் இல்லை. எங்கள் வீட்டில் விட்ட பிழையைத்தான் சொல்கிறேன். அம்மம்மாவின் வீட்டுச் சுவர் ஒன்றரை அடித் தடிப்பு. பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி விழுத்திவிட்டு, சீமெந்து பூசி, பளபளவென்று பெயின்ற் அடித்தோம். பார்க்கப் புது வீடு மாதிரி இருந்தது. அடுத்த மாரியோடு பெயின்ற் கொப்பளித்தது. பிறகு இடுப்பளவு உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. கடன்பட்ட காசு அது.

பழைய சுவர்களுக்கு அத்திவாரத்தில் ஈரத்தடை பெரும்பாலும் இல்லை. நிலத்து ஈரம் மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே ஆவியாகப் போகவிடும். சீமெந்தும் பிளாஸ்ரிக் பெயின்ற்றும் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் ஊறிய சுவர் வெயிற் சூட்டையும் கெதியாக உள்ளே கடத்தும். தடித்த சுவரால் கிடைக்கிற குளிர்ச்சி குறைந்துவிடும்.

ஆகவே சுண்ணாம்பையே திரும்பப் பூசுங்கள். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு. கடற்கரை மணல் வேண்டாம். சுவரை நன்றாக நனைத்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தரம் பூச வேண்டும். ஈரச் சாக்குத் தொங்கவிட்டுச் சில நாள் வெயில் படாமல் பாருங்கள். அவசரமாகக் காய்ந்தால் உதிரும். மேலே பெயின்ற்றுக்குப் பதில் வெள்ளையடித்தால் போதும். சுட்ட சுண்ணாம்பை வீட்டில் நீற்றுவதென்றால் பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். "கொஞ்சம் சீமெந்து கலந்தால் பலம்" என்று மேசன் சொல்லுவார். புதிதாக எழுப்பும் தூணுக்கு அது சரி, பழைய கல் சுவருக்குச் சரிவராது.

சூடு கூடுதலாக இறங்குவது கூரையால்தான். ஓடு போட வசதியில்லாமல் தகரம் போடுகிறவர்கள், அதற்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுப் பனையோலைப் பாய் கட்டுங்கள். அந்த இடைவெளிச் சூடு வெளியேற முகட்டடியில் திறப்பு வேண்டும். குசினிக்கு மேல் மட்டும் ஓலை வேண்டாம்.

சுவர் வெடிப்புக்குள் விரல் நுழைந்தால், அல்லது சுவர் சரிந்திருந்தால், எதையும் பூச முன் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர் பார்க்கும்வரை அந்தச் சுவரோரம் யாரும் படுக்க வேண்டாம்.