மலைநாட்டார் இமயம் செல்ல ஆயத்தம்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நேபாள நாட்டிலுள்ள முக்திநாத் தலத்துக்கு யாத்திரை செல்ல வேண்டுமென்ற ஆவல் நம்மிடையே சில காலமாக வளர்ந்து வருகின்றது. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் அதுவே என்பர். தலத்தின் மகிமையை எடுத்துரைக்க எங்களினும் தகுதியுடையார் இச்சபையில் உளர். புறப்படுமுன் செய்யவேண்டியவை பற்றியே நாங்கள் பேச வந்தோம்.

மலையிற் பிறந்தவனுக்கு மலை என்ன புதுமையா என்று நம்மிற் பலர் கேட்கின்றனர். கொழுந்துக் கூடையோடு நாள் முழுதும் சரிவில் ஏறி இறங்கும் தாய்மாருக்குக் கால் வலிமையைப் பற்றி யாரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். பதுளை நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 680 மீற்றர். நமுனுகுலை மலை 2036 மீற்றர். இத்தீவிலேயே உயர்ந்த பீதுருதாலகாலை 2524 மீற்றர். முக்திநாத்துக்கு ஏறுமுன் வரும் ஜோம்சோம் என்னும் ஊரோ 2700 மீற்றர். நம்முடைய சிகரம் அவர்களுடைய கடைத்தெருவுக்கும் கீழே நிற்கின்றது! தலம் இருப்பது 3700 மீற்றருக்கு மேல்.

அவ்வுயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையிற் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. கால் வலிமை வேறு, இந்தக் காற்றுக்கு உடம்பு பழகுவது வேறு. 2500 மீற்றருக்கு மேல் விரைந்து ஏறினால் தலைவலி, குமட்டல், சோர்வு, உறக்கமின்மை ஆகியன தோன்றலாம். திடகாத்திரமான வாலிபரையும் இது விடாது. சொல்லப்போனால் வேகமாக ஏறி முதலில் விழுபவர் அவரே. நடை தள்ளாடினாலும், புத்தி தடுமாறினாலும், ஓய்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும் உயிருக்கு ஆபத்து நெருங்கிவிட்டது என்று கொள்ளல் வேண்டும். அப்பொழுது விடியட்டும் என்று காத்திராமல் உடனே கீழே இறக்குவதே மருந்து. கூட வந்தவர் தரிசனம் தடைப்படுமே என்று நோயை மறைப்பவர் தம்மையும் குழுவையும் ஒருங்கே கெடுப்பவராவர்.

இங்கே ஒரு விநோதம் உண்டு. முன்னாளில் யாத்திரிகர் காளிகண்டகி நதிக்கரையோரமாகப் பல நாள் நடந்து சென்றனர். அந்நடையிலேயே உடம்பு மெல்லப் பழகிற்று. இன்றோ சாலை வந்துவிட்டது. 800 மீற்றர் உயரத்திலுள்ள பொக்காராவிலிருந்து ஜீப் வண்டியில் ஒரே பகலில் ராணிபவுவாவில் இறங்கிவிடலாம். சாலை நல்லதுதான், ஆனால் முன்பு நடை தந்த அவகாசத்தை அது பறித்துக்கொண்டது. ஆதலால் அதை நாமே திட்டத்தில் எழுதிக்கொள்ளல் வேண்டும். இடைவழியில் ஓர் இரவும் ஜோம்சோமில் இரண்டு இரவும் தங்கி, மூன்றாம் நாட்காலை மேலே சென்று தரிசித்து, அன்றே இறங்கி ஜோம்சோமில் உறங்குவது நன்று. பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சிறு விமானமும் உண்டு. முற்பகல் கடந்தால் அப்பள்ளத்தாக்கில் காற்று வலுத்துவிடுமாதலால் விமானங்கள் காலையிலேயே பறக்கும், வானம் மூடினால் பறவா. எனவே இரண்டு நாளேனும் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

காலமும் கவனிக்கத்தக்கது. நம் ஊவாவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலம். அங்கே மழையும் மண்சரிவும் ஆனி முதல் புரட்டாதி வரை. நாம் குடையோடு நிற்கும் ஐப்பசி அவர்களுக்குத் தெளிந்த வானம். பங்குனி, சித்திரையும் ஏற்றனவே.

இனிக் கடவுச்சீட்டு. இது சிறு காரியமாகத் தோன்றலாம். தோட்டத்து மக்களுக்கு அது சிறு காரியமன்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் எத்தனையோ குடும்பங்கள் பிரிந்து கப்பலேறின. எஞ்சியோரின் வழக்கைத் தீர்க்க 2003ஆம் ஆண்டில் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. ஆகவே லயத்திலிருந்து முதன்முதலாகக் கடவுச்சீட்டுக் கேட்டுப் போகிறவர் எழுபது வயதுப் பாட்டியாயிருந்தால் வியப்பில்லை. அவருடைய பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், அடையாள அட்டையில் வேறுவிதமாகவும், செக்ரோலில் மூன்றாம் விதமாகவும் எழுதப்பட்டிருக்கும்! இதைத் திருத்த மாதங்கள் செல்லும். பயணச்சீட்டு வாங்குமுன் பத்திரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். விண்ணப்பம் நிரப்பச் சங்கத்து மாணவர் உதவி செய்வோம்.

இலங்கையர் உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு, ஆண்டின் முதல் வருகையில் 30 நாள் விசாவை நேபாளம் இலவசமாகத் தருகின்றது. இந்தியா வழியாகத் தரைமார்க்கம் செல்வோர் இந்திய விசாவும் பெறல் வேண்டும். திரும்பும்போதும் அந்நாட்டுக்குள் நுழைய வேண்டியிருப்பதால், பல தடவை நுழைய இடந்தரும் விசாவாக அது இருத்தல் அவசியம்.

உடை விஷயத்தில் நம் பாட்டிமார் நமக்குக் குரு. பனியிலும் மழையிலும் பிரட்டுக்களத்துக்குக் கம்பளி போர்த்துச் சென்றனர் அல்லவா? நனைந்த பருத்தி உடற்சூட்டைக் கவரும், கம்பளியோ நனைந்தும் ஓரளவு காக்கும். கனத்த ஒன்றைவிட மெல்லிய பலவற்றை ஒன்றன்மேலொன்றாக அணிவதே வசதி. புதுச் சப்பாத்தை அங்கே போய்த் தொடங்காதீர்கள், இரண்டு மாதம் முன்பே துங்கிந்தைக்கு நடந்து பழக்குங்கள். உணவுக்கு அஞ்ச வேண்டாம். சோறும் பருப்பும் அந்நாட்டாருக்கும் அன்றாட ஆகாரமே.

முதியோருக்கு ஒன்று. முக்திநாத்தில் 108 தாரைகள் உண்டு. அதன் நீர் பனி உருகியதுபோற் குளிர்ந்தது. இருதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளோர் அதன்கீழ் திடீரென நிற்பதை நாங்கள் சம்மதியோம். தலையில் தெளித்துக்கொள்ளலாம். புறப்பட ஒரு மாதம் இருக்கையிலேயே மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேளுங்கள். அசெற்றசோலமைட் என்னும் மாத்திரை சிலருக்கு உதவும், சிலருக்கு ஆகாது. அதைத் தீர்மானிப்பவர் மருத்துவரே, முன்பு போய்வந்த அயலவர் அல்லர். அவர் வேண்டாமென்றால் பொக்காராவரை வாருங்கள். அங்கிருந்தே இமயம் கண்ணுக்குத் தெரியும். மேலே ஏறுவோர் பிரசாதம் கொண்டு வருவார்கள்.