வீடு காக்கும் கருவித் தொழில்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், வீடுகளில் அலாரமும் கேமராவும் பொருத்தும் தொழிலாகும். இவை பட்டணத்துச் செல்வர்க்கே உரியன என்றிருந்த காலம் போயிற்று. பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களிலுள்ள நம் இளைஞர் இத்தொழிலைப் பிறரிடம் கூலிக்குச் செய்யாது, தாமே தனித்து நின்று நடத்துவது எங்ஙனம் என்பதே நாம் ஆராயப் புகுவது.

காவல் என்பது இந்நாட்டிற்குப் புதிதன்று. கங்கைகொண்ட சோழபுரம் தலைநகராய் விளங்கிய சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில், பாடிகாவல் என்னும் வரியைக் காண்கின்றோம். அது ஊர்க்காவலின் பொருட்டுக் குடிகள் இறுத்த வரி. பிற்காலத்தே தலையாரி என்பார் இரவெல்லாம் ஊரைச் சுற்றிவந்தனர். நம் முன்னோரோ கொல்லுலையிலும் தச்சுப்பட்டறையிலும் கதவும் தாழும் பூட்டும் பெட்டகமும் செய்து தந்தனர். ஆதலின் இத்தொழில் நம்மவர்க்கு அந்நியமானதன்று. பழைய மரத்தில் கிளைத்த புதிய கிளையென்றே கொள்ளத்தகும்.

மேனாட்டில் இதன் பிறப்பும் அறியற்பாலது. கதவோ ஜன்னலோ திறக்கப்பட்டால் மின்மணி ஒலிக்கும் கருவிக்கு, 1853ல் அமெரிக்கராகிய அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பார் உரிமைப் பத்திரம் பெற்றார். 1857ல் எட்வின் ஹோம்ஸ் என்பார் அவ்வுரிமையை விலைக்கு வாங்கி, அதனை ஒரு தொழிலாகவே வளர்த்தார். கேமராவை வீட்டுவாயிலிற் பொருத்தி உள்ளிருந்தே வந்தவரைக் காணும் அமைப்பினை 1966ல் வகுத்தவர், நியூயார்க் நகரத்து நர்ஸாகிய மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்னும் அம்மையார். இரவில் தனித்திருக்கும் அச்சமே அவரை அதற்குத் தூண்டிற்று. அவருடைய கணவர் மின்கருவித் தொழிலறிந்தவராதலின் இருவருமாகச் சேர்ந்து அதனை அமைத்து, 1969ல் உரிமையும் பெற்றனர்.

அந்த அம்மையாரின் அச்சம் இன்று நம் ஊர்களிலும் உண்டு. லப்பைக்குடிக்காடு முதலிய ஊர்களினின்றும் கடல்கடந்து சென்று பொருளீட்டுவோர் பலர். பிள்ளைகள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வயது முதிர்ந்த பெற்றோர் தனித்து வாழ்கின்றனர். சில வீடுகள் பூட்டியபடியே கிடக்கின்றன. கருவியொன்று பழுதுற்றால் திருச்சியிலிருந்து ஆள் வரவேண்டும். பெரம்பலூருக்கு அது ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ இருப்பார்க்கு, அழைத்த அன்றே வந்து நிற்கும் உள்ளூர்த் தொழிலாளியே வேண்டற்பாலர். இதுவே நம் இளைஞரின் முதன்மையான மூலதனம்.

நிற்க. தொழிலின் நுட்பத்தைச் சிறிது கூறுவோம். கதவில் காந்தமும், நிலையில் அதற்கேற்ற சுவிட்சும் வைக்கப்படும். கதவு மூடியிருக்குங்கால் மின்சுற்று முழுமையாயிருக்கும்; கதவு திறந்தாலும் கம்பி அறுந்தாலும் சுற்று அறுபட்டுச் சங்கொலி எழும். அறையினுள் வைக்கும் சென்சாரோ, உடலின் வெப்பம் நகர்வதை உணர்ந்து அறிவிப்பது. இதனை வெயில் நேரே படும் இடத்தில் வைத்தாலும், இதன் முகத்திற் பல்லி ஊர்ந்தாலும், ஆளின்றியே அலாரம் அலறும். இருமுறை மும்முறை வீணே அலறிய கருவியை வீட்டார் அணைத்தே வைத்துவிடுவர். ‘புலி வருது’ என்று கூவிய சிறுவன் கதையாய், மெய்யான கள்வன் வரும் இரவில் அது ஊமையாயிருக்கும். ஆதலின் பொருத்துமுன் வீடு முழுதும் சுற்றிப் பார்த்து இடம் தெரிதல் வேண்டும். வாயிற்கதவை மட்டும் காத்துக் கொல்லைப்புறக் கதவையும் மொட்டைமாடிக் கதவையும் மறந்துவிடலாகாது. மின்சாரம் நின்றபோதும் கருவி இயங்குமாறு நல்ல பாட்டரியும், இடிமின்னலுக்கு அஞ்சி முறையான எர்த்தும் இன்றியமையாதன. ஆபத்தில் வீட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைக்கும் கருவியாயின், சிம் பொருந்துகின்றதா என்று சோதித்தறிக. 2ஜி கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது. இணையத்தோடு இயையும் கேமராக்கள் அரசாங்கப் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருத்தல் வேண்டும் என்னும் விதி 2025 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துளது. மலிவைக் கருதிச் சான்றில்லாச் சரக்கை வாங்கிப் பொருத்துவோர் பின்னர் வருந்துவர்.

இவற்றைக் கற்பதற்குப் பெரும்பொருள் செலவாகாது. 1982ல் கர்நாடகத்து உஜிரே என்னுமிடத்தில், தர்மஸ்தலத்தாரும் இரண்டு பாங்குகளும் கூடிக் கிராமத்து இளைஞர்க்கென ஒரு பயிற்சிச்சாலை தொடங்கினர். அதனை முன்மாதிரியாகக் கொண்டு பின்னர் நாடெங்கும் பல நிலையங்கள் அமைந்தன. பெரம்பலூரில் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கு அத்தகைய நிலையத்தை நடத்துகின்றது. கேமரா பொருத்தும் பயிற்சியும் இந்நிலையங்களில் அளிக்கப்படுவதொன்று. கட்டணமில்லை, உணவும் உண்டு. எனினும் சில நாட் பயிற்சி கொண்டு ஒருவன் தேர்ந்தவனாகான். ஓராண்டேனும் அனுபவசாலி ஒருவரிடம் ஏணி பிடித்துப் பழகுதல் நலம். மூலதனம் வேண்டுவோர்க்கு 2015ல் தொடங்கிய முத்ரா திட்டத்தின் முதற்படியில் ரூ.50,000 வரை கடன் கிடைக்கும். அதனைக் கடைவாடகைக்கும் அலங்காரத்திற்கும் செலவிடாது, துளையிடும் கருவி, மல்டிமீட்டர், ஏணி ஆகியவற்றிற்கே செலவிடுக. சரக்கை முன்பணம் பெற்ற பின்னரே வாங்குக.

இனி, இத்தொழிலின் உயிர்நிலையைக் கூறுவோம். பூட்டுச் செய்பவன் பூட்டை விற்றதோடு விலகிவிடுகின்றான். கருவி பொருத்துபவனோ வீட்டினுள் நுழைந்து, பீரோ எங்குள்ளது, பின்கதவு எத்தகையது, வீட்டார் ஊருக்குச் செல்லும் நாள் எது என்பவற்றையெல்லாம் அறிகின்றான். கள்வன் அறிய விரும்புவதனைத்தும் இவன் அறிந்தவன். எனவே இவன் நம்பத்தக்கவனல்லனாயின், இவன் பொருத்திய கருவி நூறு இருந்தும் பயனில்லை.

ஆதலின் சில நியமங்களை விரதமாகக் கொள்க. வேலை முடிந்தவுடன் கடவுச்சொல்லை வீட்டுக்காரர் கையாலேயே மாற்றச் செய்க. தம்மிடம் ஒருபோதும் வைத்துக்கொள்ளற்க. படுக்கையறையையும் அண்டை வீட்டாரின் முற்றத்தையும் நோக்கிக் கேமரா வைக்கச் சொன்னால் மறுத்துரைக்க. ஒரு வீட்டில் கண்டதை மறுவீட்டில் பேசாதிருக்க. பழைய முதலாளியிடம் அறிந்த வாடிக்கையாளரின் இரகசியங்களைக் கொண்டு தொழில் தொடங்கற்க. விலை, உத்தரவாதக் காலம், பழுதுபார்க்கும் கூலி ஆகியவற்றை எழுத்தில் தருக. ஆறு திங்களுக்கொருமுறை, அழையாமலே சென்று பாட்டரியைச் சோதிக்க. இங்ஙனம் ஒழுகுவோனை ஒரு தெருவார் மறு தெருவார்க்கு உரைப்பர். வேறு விளம்பரம் வேண்டா.

நம் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. தனித்திருக்கும் மூதாட்டி ஒருவர், ஆண்மகனினும் ஒரு பெண்ணையே அச்சமின்றி வீட்டினுள் அனுமதிப்பார். கணவனும் மனைவியுமாகவோ, தமையனும் தங்கையுமாகவோ இத்தொழிலை மேற்கொள்வது மிகவும் சிறப்புடைத்து.

ஊரைவிட்டுச் செல்வோர் செல்க. அவர்க்கு நம் வாழ்த்து உரியது. ஆனால் அவர் விட்டுச்செல்லும் வீட்டையும் பெற்றோரையும் காக்கும் பணி, ஊரிலிருப்போர்க்குக் கௌரவமான ஜீவனமாகும். வரும் ஆண்டில் நம் குடும்பங்களினின்றும் சிலரேனும் இதனைக் கற்கப் பெற்றோர் உதவுவாராக. சங்கத்தார் அவர்க்கு ஜாமீன் நிற்க முன்வருவாராக.